சுங்கை சிப்புட்டில் சியாபு தின்ற நாய்: மூளையில் தொடங்கித் தசையில் முற்றிய ஒரு நச்சு நிகழ்வு

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட், ரப்பரால் வளர்ந்து இன்று செம்பனை சூழ நிற்கும் ஊர். அதன் புறத்தே உள்ள ஒரு தோட்டக் குடியிருப்பிலிருந்து எங்கள் கால்நடைச் சிகிச்சையகத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாயின் நிகழ்வை, வீட்டாரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் விலக்கிவிட்டு, இங்கே பதிவு செய்கிறேன். சியாபு என்று வழக்கில் சொல்லப்படும் மெத்தம்ஃபெட்டமின் போன்ற ஊக்கப் போதைப்பொருள்கள் மூளையைத் தாக்குகின்றன என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால், விலங்கின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தசையில் பிறந்து வெளியேற வழியில்லாமல் உடலுக்குள்ளேயே தேங்கும் வெப்பந்தான் என்பதும், அந்த வெப்பத்தை விரைந்து இறக்கிவிட்டால் கைவிட்டுப்போனது போலத் தோன்றும் விலங்குகூடப் பிழைத்துக்கொள்ளும் என்பதும் பொதுமக்களிடம் மட்டுமல்ல, எங்கள் தொழிலிலும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

வந்தபோது இருந்த நிலை

மூன்று வயது மதிக்கத்தக்க ஆண் நாய், நாட்டுக் கலப்பு, எடை 14 கிலோ. வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. காலையில் வழக்கம்போல் சோறு தின்றதாகவும், பகல் ஒரு மணிவாக்கில் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கியதாகவும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஒரே பக்கமாக ஆட்டிக்கொண்டிருந்ததாகவும் வளர்த்த பாட்டி சொன்னார். அடங்கட்டும் என்று தகரக் கொட்டகையில் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பிறகுதான் உடம்பு முழுவதும் நடுங்கத் தொடங்கியிருக்கிறது. விஷம் முறியும் என்ற நம்பிக்கையில் பக்கத்து வீட்டார் இளநீரை வாயில் ஊற்றியிருக்கிறார்கள். பாதி வெளியே வழிந்துவிட்டதாம். அது நல்லதாகவே போயிற்று. நடுங்கிக்கொண்டிருக்கும் விலங்குக்கு விழுங்கும் ஒழுங்கு இராது என்பதால், வாயில் ஊற்றும் எதுவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும்.

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் மேசையில் ஏற்றியபோது ஆசனவாய் வழியே எடுத்த வெப்பம் 41.9 பாகை செல்சியஸ் இருந்தது. நாய்க்கு இயல்பான அளவு 38 முதல் 39.2 வரைதான். இதயம் நிமிடத்துக்கு 228 முறை துடித்தது. இளைப்பு எண்ண முடியாத வேகத்தில் இருந்தது. ஈறுகள் செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தன. கண்மணிகள் முழுதாக விரிந்திருந்தன. டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. தோளிலும் தொடையிலும் தோலுக்கடியில் தசைகள் இடைவிடாமல் துடித்தன. அவ்வளவு நடுக்கத்திலும் அது மேசையின் எஃகு மூலையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டேயிருந்தது. தலையைத் திருப்பிவிட்டாலும் மறுபடி அதே மூலைக்கே போயிற்று.

இன்னொன்றையும் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். உள்வெப்பம் 41.9 இருந்தபோதும் காதுமடலின் நுனியும் பாதங்களும் தொடுவதற்குச் சில்லென்றிருந்தன. வெயிலில் அகப்பட்டு வரும் நாயின் காதுகள் சுடும். அங்கே இரத்தம் வெப்பத்தை வெளியேற்றத் தோலை நோக்கி ஓடுகிறது. இங்கே தோலின் இரத்தக் குழாய்கள் இறுக மூடிக்கிடந்தன. வெறும் வெயில் தாக்கு இப்படிச் செய்யாது என்று எண்ணவைத்த முதல் அறிகுறி இதுவே.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

பாட்டிக்கு ஐயமே இல்லை. “யாரோ மருந்து வச்சிட்டாங்க டாக்டர். கோழி விஷயத்துல சண்டை நடந்துச்சு,” என்றார். தோட்டப்புறங்களில் இது நடவாத செயலன்று என்பதால் அதிலிருந்தே தொடங்கினோம்.

பூச்சிக்கொல்லிகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை முதலில் நினைவுக்கு வரும். செம்பனையின் ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கட்டுப்படுத்த மரத்தண்டில் துளையிட்டுச் செலுத்திய மருந்துகளில் இந்த வகை உண்டு. ஆனால், அந்த நஞ்சு அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளைச் சிதையவிடாமல் தேக்கிவைப்பதால் எச்சில் வடியும், கண்ணீர் ஒழுகும், வயிறு கலங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். இந்த நாயின் வாயோ காய்ந்திருந்தது, கண்மணி அகன்றிருந்தது. எட்டி விதையிலுள்ள ஸ்டிரிக்னைன் இன்னொரு வாய்ப்பு. முதுகுத்தண்டில் தசைகளை அடக்கிவைக்கும் கிளைசின் என்னும் நரம்புக்கடத்தியை அது தடுக்கிறது. எனவே கைதட்டினாலோ தொட்டாலோ உடம்பு முழுவதும் மரக்கட்டையாக விறைத்து, கால்கள் நீட்டிக்கொள்ளும். எங்கள் நாய் ஒலிக்கு அதிரவில்லை. கால்களை மடக்கி நடக்கவும் செய்தது. வெறிநோயையும் ஒதுக்கிவிட முடியாது: 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது பரவிய வரலாறு நமக்கு உண்டு. ஆயினும் தடுப்பூசி போட்ட நாய் காலையில் சோறு தின்றுவிட்டு அன்று பிற்பகலுக்குள் இந்த நிலையை அடைவது வெறிநோயின் போக்கன்று. இருந்தும் கையுறையோடுதான் தொட்டோம்.

உண்மையிலேயே குழப்பியது மெட்டல்டிஹைட். நத்தைக்கு வைக்கும் குருணை மருந்து. அதுவும் நடுக்கம், கடுங்காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு ஆகியவற்றையே தரும், கண்மணியும் விரியலாம். கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்யும் அந்த நக்குதலும் தலையாட்டலும் மட்டுமே ஊக்கப் போதைப்பொருளின் பக்கம் சாய்த்தன.

ஊக்கப்பொருள்களிலும் எது என்ற கேள்வி இருந்தது. காப்பித்தூளைப் பையோடு தின்றுவிட்டு நடுங்கி வரும் நாய்களும் உண்டு. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கஃபீன் அமைதியின்மையையும் வாந்தியையும் தரும். 40 முதல் 50இல் இதயம் தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். கஃபீன் மூளையில் அடினோசின் ஏற்பிகளை மறித்து, களைப்பைத் தெரிவிக்கும் செய்தியை அறுக்கிறது. தசைநாருக்குள் கால்சியத்தை நேரடியாக அவிழ்த்துவிடும் ஆற்றலும் அதற்கு உண்டு என்றாலும், அதற்கு வேண்டிய செறிவு உயிருள்ள விலங்கின் இரத்தத்தில் எட்டக்கூடியதைவிட மிக அதிகம். சோதனைக் கண்ணாடியில் எடுத்துவைத்த தசைத் துண்டில்தான் அதைத் தெளிவாகக் காணலாம். வாந்தியோ, காப்பி மணமோ, வயிற்று உப்பசமோ இல்லாததால் அதைப் பின்னுக்குத் தள்ளினோம்.

சிறுநீரும், வீட்டாரின் வாய்ச்சொல்லும்

மனிதர்களுக்கு விற்கப்படும் போதைப்பொருள் சிறுநீர்ப் பட்டை நாய்க்கும் பயன்படும். ஆனால் எப்போது சிறுநீர் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம். நாங்கள் அமைதிப்படுத்தப் பயன்படுத்தும் ஃபீனோதையசின் வகை மருந்துகளில் சில, இதே பட்டையில் அம்ஃபெட்டமின் வகைப் போதைப்பொருள் இருப்பதாகப் பொய்யாகக் காட்டக்கூடும். சளி மாத்திரையிலுள்ள சூடோஎஃபெட்ரினும் அப்படியே. அதனால் முதல் ஊசிக்கு முன்பே குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்துத் தனியே வைத்தோம். ஆண் நாயில் இது ஒரு நிமிட வேலை, சிகிச்சையைத் தாமதப்படுத்துவதில்லை. பட்டையை நனைத்துக் காத்திருந்தபோது கட்டுப்பாட்டுக் கோடு தெளிவாக எழுந்தது. மெத்தம்ஃபெட்டமின் கட்டத்தில் கோடு எழவில்லை. இவ்வகைப் பட்டையில் கோடு தோன்றாமல் போவதுதான் பொருள் இருப்பதற்கான அடையாளம்.

இதற்குள் பாட்டியோடு வந்திருந்த இளைஞர் வாசலுக்கும் அறைக்கும் இடையே நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். அவரை வெளியே அழைத்துப் போய், “தம்பி, நான் போலீஸ் இல்ல. நாய் எதத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா எந்த மருந்து போடணும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கேக்குறேன்,” என்றேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சின்ன பாக்கெட்டு டாக்டர். வீட்டுக்குப் பின்னால கடிச்சுக் கிழிச்சிருந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. பன்னெண்டரை இருக்கும்,” என்றார். பாட்டியிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நான் சொல்லவில்லை. யாருடைய பாக்கெட் என்று நான் கேட்கவும் இல்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அந்த அச்சம் வாயைக் கட்டிவிட்டால், மேசையில் கிடக்கும் விலங்குக்கு நாங்கள் தேவையற்ற மருந்துகளைத் தந்து பொழுதைக் கழிக்கவேண்டி வரும். விடை சிகிச்சையை மாற்றும் கேள்வியை மட்டும் கேட்பதும், பிறர் காதுபடாமல் கேட்பதும் இவ்வகை நிகழ்வுகளில் மருத்துவத்தின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

நாய்களில் வாய்வழி உட்கொண்ட மெத்தம்ஃபெட்டமின் கிலோவுக்கு 9 முதல் 11 மில்லிகிராம் அளவில் பாதி விலங்குகளைக் கொல்லும் என்று நச்சியல் நூல்கள் குறிக்கின்றன. 14 கிலோ நாய்க்கு அது 126 முதல் 154 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. பாக்கெட்டில் எவ்வளவு இருந்தது என்று இளைஞருக்குத் தெரியவில்லை. அளவு தெரியாதபோது அதிகம் என்றே கொள்ளவேண்டும்.

மூளையில் நடந்தது

மெத்தம்ஃபெட்டமினை 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரினிலிருந்து உருவாக்கினார். 1919இல் ஒகாத்தா அகிரா அதைப் படிகமாக்கினார். அம்ஃபெட்டமினோடு ஒரு மெத்தில் தொகுதி கூடியிருப்பதால் அது கொழுப்பில் எளிதாகக் கரைகிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை விரைந்து கடக்கிறது. வயிற்றுக்குள் போன அரை மணி நேரத்திலேயே நாயின் நடத்தை மாறியதற்குக் காரணம் இதுவே.

அதன் மூலக்கூறு, டோபமைன், நோர்அட்ரினலின் ஆகிய நரம்புக்கடத்திகளைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இயல்பான நிலையில், ஒரு நரம்பணு வெளியிட்ட டோபமைனை அதன் முனையிலுள்ள கடத்திப் புரதம் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். செய்தி அத்தோடு முடியும். மெத்தம்ஃபெட்டமின் அந்தப் புரதத்தின் வழியாகவே உள்ளே நுழைந்து, டோபமைன் சேமிக்கப்பட்டிருக்கும் நுண்பைகளிலிருந்து அதைக் கசியவிட்டு, கடத்திப் புரதத்தையே எதிர்த்திசையில் இயங்கச் செய்கிறது. கஃபீனும் கொக்கெயினும் இப்படிச் செய்வதில்லை. கொக்கெயின் மீள்உறிஞ்சலை மறிப்பதோடு நிற்கிறது, அதாவது நரம்பணு தானாக வெளியிட்டதைத்தான் அது நீட்டிக்க முடியும். மெத்தம்ஃபெட்டமினோ நரம்பணு செய்தி அனுப்பாதபோதும் இருப்பைக் கொட்டிவிடுகிறது. நோர்அட்ரினலினும் செரோடோனினும் இதே வழியில் வெளியேறுகின்றன.

அறிகுறிகளை இந்த மூன்றோடும் பொருத்திப் பார்க்கலாம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஸ்ட்ரையாட்டத்தில் டோபமைன் பெருகியதால், விலங்கு ஒரே சிறு அசைவில் சிக்கிக்கொண்டது. மேசை மூலையை நக்கியது அதனால்தான். சுவையோ பசியோ அதற்குக் காரணமல்ல. நோர்அட்ரினலின் கண்மணியை விரித்தது, இதயத்தை ஓட்டியது, தோலின் குழாய்களை மூடியது. செரோடோனினும் நோர்அட்ரினலினும் சேர்ந்து முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்களை எளிதில் தூண்டப்படும் நிலைக்குத் தள்ளின. அங்கிருந்து நோய் தசைக்கு இறங்கியது.

தசையில் நடந்தது

தசைநார் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதற்குள் கால்சியம் அவிழ்கிறது. தளரும்போது அந்தக் கால்சியத்தைத் திரும்பச் சேமிக்க வேண்டும். சுருங்குவதற்கும், அணுவின் எரிபொருளான ஏடிபி செலவு. தளர்வதற்கும் ஏடிபி செலவு. அந்த ஆற்றலில் மிஞ்சிப்போனால் கால்வாசியே வேலையாக மாறுகிறது, மற்றது வெப்பம். நடுக்கத்திலோ வெளியே எந்த வேலையும் நடப்பதில்லை என்பதால் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. இதற்குமேல், தசையணுவின் ஆற்றல் ஆலைகளான மைட்டோகாண்ட்ரியாவிலும் கோளாறு சேர்கிறது: எம்டிஎம்ஏ என்னும் நெருங்கிய உறவுப் பொருளைக் கொண்டு 2003இல் வெளியான ஆய்வில், தசையிலுள்ள யூசிபி-3 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகள் வெப்ப ஏற்றத்திலிருந்து பெரிதும் தப்பின.

இந்த நாயின் உடலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவர்களுக்கு இதைப் பலகையில் எழுதிக் காட்டுவது உண்டு. 14 கிலோ நாய் ஓய்வில் இருக்கும்போதே நாளொன்றுக்கு ஏறத்தாழ 507 கிலோகலோரி செலவிடுகிறது. மணிக்கு 88 கிலோஜூல். உயிர்த்திசுவை ஒரு பாகை சூடேற்றக் கிலோவுக்குச் சுமார் 3.5 கிலோஜூல் வேண்டும். 14 கிலோவுக்கு 49. எனவே, ஓய்வில் பிறக்கும் வெப்பம் முழுவதும் வெளியேறாமல் தேங்கினாலே உடல் மணிக்கு 1.8 பாகை ஏறும். நடுக்கம் அந்த வெப்பத்தை மும்மடங்காக்கி, பாதி மட்டும் வெளியேறினால் மணிக்கு 2.7 பாகை. 39இலிருந்து 41.9க்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பொழுதில் போய்ச்சேர இதைவிட அதிகம் எதுவும் தேவையில்லை.

வெளியேறும் வழிகளும் அன்று அடைபட்டிருந்தன. நாய் வியர்ப்பதில்லை என்றே சொல்லலாம். பாதங்களில் உள்ள சுரப்பிகள் பெயரளவுக்குத்தான். இளைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது குளிர்கிறது. நம் நாட்டின் ஈரக்காற்றில், அதுவும் மழைக்கு முந்தைய புழுக்கத்தில், அந்த ஆவியாதல் மந்தமாகிறது. வாயும் காய்ந்துவிட்டால் ஆவியாக்க ஈரமே இல்லை. தோலின் குழாய்களோ மூடிக்கிடந்தன. இவ்வளவுக்கும் மேல் தகரக் கொட்டகையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

1940இல் கன், குர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது இங்கே பொருந்தும். அம்ஃபெட்டமின் தரப்பட்ட சுண்டெலிகளைத் தனித்தனியாக வைத்தபோது அவை தாங்கிய அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே, ஒரே கூண்டில் கூட்டமாக வைக்கப்பட்டவை இறந்தன. பின்வந்த ஆய்வுகள் அறையின் வெப்பமும் நெரிசலும் இந்த வேறுபாட்டை ஆள்வதைக் காட்டின. அதாவது, ஒரு விலங்கைக் கொல்லும் அளவு என்பது அந்த மருந்துக்கு மட்டும் உரிய எண்ணன்று. விலங்கு எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சார்ந்தது. அடங்கட்டும் என்று அன்போடுதான் கட்டினார்கள். ஆனால், சங்கிலியை எதிர்த்து இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் தசையில் இன்னும் வெப்பத்தைச் சேர்த்தது. இவ்வாறு நடுங்கும் விலங்கை இருண்ட, காற்றோட்டமான இடத்தில் விட்டு, தரையில் தண்ணீர் ஊற்றி, உடனே கொண்டுவருவதே வீட்டில் செய்யக்கூடியது.

சிகிச்சை

வாந்தி எடுக்க வைக்கவில்லை. தின்று இரண்டரை மணி நேரம் கடந்திருந்தது. நடுங்கும் நாய் வாந்தியை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். காய்ச்சல் மருந்தும் தரவில்லை. கிருமியால் வரும் காய்ச்சலில் மூளையின் வெப்பநிலைக் குறியீடு, அதாவது உடலை எந்த வெப்பத்தில் வைத்திருப்பது என்ற இலக்கு, உயர்ந்திருக்கும். அதைத்தான் அந்த மருந்துகள் தாழ்த்துகின்றன. இங்கே குறியீடு உயரவில்லை, வெப்பம்தான் தேங்கியிருக்கிறது. எனவே அவற்றால் பயனில்லை. ஏற்கனவே நெருக்கடியில் இருக்கும் சிறுநீரகத்துக்கு வலிநிவாரணி வகை மருந்துகள் தீங்கும் செய்யும்.

முன்னங்காலில் ஊசிக்குழாய் பொருத்தி, ஃபீனோதையசின் வகையைச் சேர்ந்த அசிப்ரொமசினைக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மெதுவாகச் செலுத்தினோம். கால் மணி நேரம் கழித்து அதே அளவை மறுபடி தந்தோம். மனிதருக்கான மருத்துவத்தில் இந்த நச்சுக்கு டயசெபாம் வகையே முதலிடம் பெறுகிறது. நாய்களில் அது சில வேளைகளில் கலவரத்தைக் கூட்டிவிடுவதால் ஃபீனோதையசின் வகையையே முதலில் நாடுகிறோம். வலிப்பு வந்தால் டயசெபாமுக்கு இடமுண்டு, அதைச் சிரிஞ்சில் எடுத்து அருகிலேயே வைத்திருந்தோம். அசிப்ரொமசின் டோபமைன் ஏற்பியை மறிப்பதோடு, தோலின் இரத்தக் குழாய்களையும் திறந்துவிடுகிறது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு காதுநுனியைத் தொட்டபோது சூடாக இருந்தது. வேறொரு நோயாளியில் அது கெட்ட குறி. இங்கே வெப்பம் வெளியேறத் தொடங்கியதன் அடையாளம். இந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தும் என்பதால், அறை வெப்பத்திலிருந்த சலைனை உடன் ஏற்றினோம். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.1 மில்லிமோலாக இறங்கியிருந்ததால் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்தோம்.

குளிர்விப்பதில் பனிக்கட்டி பயன்படுத்தவில்லை. அது தோலின் குழாய்களை மறுபடி மூடச்செய்யும், நடுக்கத்தையும் கூட்டும். குழாய்த் தண்ணீரால் வயிறு, தொடையிடுக்கு, பாதங்கள் என உடலெங்கும் உரோமத்தின் அடிவரை நனைத்து, இரண்டு விசிறிகளை நேராக வைத்தோம். தண்ணீர் 100 மில்லிலிட்டர் ஆவியானால் 240 கிலோஜூலை எடுத்துச்செல்லும். இந்த நாயின் உடலை ஐந்து பாகை இறக்க அதுவே போதுமானது. ஈரத்துணியைப் போர்த்தி வைப்பது பலரிடமும் உள்ள வழக்கம். போர்த்திய துணிக்கு அடியில் காற்று போகாது, ஆவியும் எழாது. நனைப்பதைவிட விசிறிதான் முக்கியம்.

இருபது நிமிடத்தில் 40.6, நாற்பதாவது நிமிடத்தில் 39.5. அங்கே விசிறியை நிறுத்தி உடலைத் துவட்டினோம். அதற்குமேல் தொடர்ந்தால் உடல் தானாகவே இயல்புக்குக் கீழே சரிந்துவிடும். இதயத் துடிப்பு எந்தத் தனி மருந்துமின்றி 150க்கு இறங்கியது. இதயத்தைத் தணிக்கும் பீட்டா மறிப்பான் மருந்து தேவைப்படவில்லை.

நடுக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. தசையைத் தளர்த்தும் மெத்தோகார்பமால் ஊசி எங்களிடம் இல்லை. மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துக் கிலோவுக்கு 55 மில்லிகிராம் அளவில் ஆசனவாய் வழியே தந்தோம். கடைகளில் பாராசிட்டமால் கலந்த மெத்தோகார்பமால் மாத்திரையும் உண்டு. அது கூடாது என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 330 மில்லிகிராமைத் தாண்டாமல் இரவில் மேலும் ஒருமுறை கொடுத்தோம். இதற்கிடையே, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைத் தொலைபேசியில் அழைத்து எங்கள் திட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டோம்.

சிறுநீரைப் புளிப்பாக்கினால் இந்த மருந்து வேகமாக வெளியேறும் என்பது பழைய பாடம். வேதியியலாக அது உண்மையே. ஆயினும், தசை சிதைந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருக்கும்போது அதைச் செய்யக்கூடாது. ஏனென்று மறுநாள் காலை தெரிந்தது.

மறுநாளும் அதற்குப் பின்னும்

காலையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வந்தது. பட்டை இரத்தம் இருப்பதாகக் காட்டியது. நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றும் இல்லை. தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின் என்னும் புரதம் அது. ஏடிபி தீர்ந்த தசைநாரில் கால்சியம் அடங்காமல் நின்று, நாரின் சவ்வே கிழிந்து, உள்ளிருந்த பொட்டாசியமும் நொதிகளும் மயோகுளோபினும் இரத்தத்தில் கலந்திருக்கின்றன. புளிப்பான சிறுநீரில் மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களுக்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். முந்தின நாள் சிறுநீரைப் புளிப்பாக்கியிருந்தால் அந்த வேலையை நாமே செய்து கொடுத்திருப்போம்.

ஈப்போவுக்கு அனுப்பிய இரத்தத்தில், தசைச் சிதைவைக் காட்டும் நொதியான கிரியேட்டின் கைனேஸ் 18,400 அலகுகள் இருந்தது. இயல்பில் அது சில நூறுதான். இந்த நொதி நாயின் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சில மணி நேரமே ஆகும். ஆகையால், மறுநாளும் இவ்வளவு உயர்ந்திருந்தால் இரவு முழுவதும் தசை சிதைந்துகொண்டே இருந்தது என்றே கொள்ளவேண்டும்; நாய் அமைதியாகப் படுத்திருந்தது என்பதை வைத்து ஏமாறக்கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மேல்வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. வெப்பம் உறைதல் அமைப்பையும் குலைக்கும் என்பதால் இரத்தத் தட்டுகளையும் ஈறுகளில் சிறு புள்ளிகள் தோன்றுகின்றனவா என்பதையும் தொடர்ந்து பார்த்தோம். தட்டுகள் குறைந்தன, ஆனால் ஆபத்தான அளவுக்குப் போகவில்லை. சலைனை இரட்டிப்பு வேகத்தில் தொடர்ந்து, சிறுநீர் தெளியும்வரை நிறுத்தவில்லை.

அன்று மாலை எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. பின்கால்கள் விறைத்து, படியேறும்போது முனகியது. நான்காம் நாள் நொதி 3,900க்கு இறங்கியது. அன்றே வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்துக்கு ஓடவிடக்கூடாது, பகலில் நிழலில் வைக்கவேண்டும், எப்போதும் தண்ணீர் இருக்கவேண்டும் என்று பாட்டியிடம் சொன்னோம். அழைத்துப்போக வந்த இளைஞர், வீட்டுக்குப் பின்னால் தரையைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டதாகத் தானாகவே சொன்னார்.

மூன்றாம் வாரப் பரிசோதனையில் கிரியேட்டின் கைனேஸும் கிரியேட்டினினும் இயல்பில் இருந்தன. தொடைத் தசை முன்பைவிட மெலிந்திருந்தது, நடை சீராக இருந்தது. காலைச் சிறுநீரின் அடர்த்தி 1.034, அதாவது சிறுநீரகம் நீரைச் சுண்டவைக்கும் ஆற்றலை இழக்கவில்லை. கிரியேட்டினின் மட்டுமே பார்த்தால் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு கெடும்வரை அது உயராமல் இருக்கக்கூடும் என்பதால், அடர்த்தியையும் புரதத்தையும் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கக் குறித்துவைத்திருக்கிறோம்.